எரிச்சல் கணக்கு

என் வீட்டுக்காரருக்கு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. வண்டி மோதியது, கடை எரிந்தது, கூரை பறந்தது என்று யாராவது அழுதுகொண்டு வந்தால், அந்த நஷ்டம் அவர்கள் சொல்கிற அளவுக்குப் பெரியதில்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் மத்தியானம் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பார். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் வீட்டுக்கு எழுந்திருப்பார். அவர் சேர்ந்த பிறகு அந்த ஆபீசில் மூன்று நாற்காலிகள் ஓய்வு பெற்றுவிட்டன. இவர் இன்னும் பெறவில்லை.

போன மழைக்காலத்தில் ஒருநாள், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். நாங்கள் குடியிருப்பது முதல் மாடியில். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இவரை எடை மெஷினில் ஏறச் சொல்லிவிட்டு டாக்டர் முள்ளைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். நான்தான் வாய் வைத்து ஊதிவிட்டேன் என்பது போல.

"தினமும் உடம்பு வேர்க்கணும். இல்லைன்னா மாத்திரை எழுத வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர்.

"எனக்கு ஃபேன் நின்னாலே வேர்க்கும் சார்."

"அது கணக்குல வராது."

மாத்திரை என்ற சொல் இவர் காதில் விழவில்லை. கணக்கு என்ற சொல் விழுந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே ஒரு கைக்கடிகாரம் வாங்கினார். மணி காட்டுவது அதற்குப் பொழுதுபோக்கு. அதன் உண்மையான தொழில், கட்டியவர் எத்தனை கலோரி எரித்தார் என்று சொல்வது. வாங்கிய அன்று சோபாவில் உட்கார்ந்தபடியே எழுபது எரித்தார். பரவாயில்லையே என்று சந்தோஷப்பட்டார்.

அடுத்து, ஜிம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "காசையும் குடுத்துட்டு கஷ்டத்தையும் நாமளே படணுமாம். என்ன அநியாயம் பாரு" என்றார்.

என் தம்பி டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். மத்தியானத்திலிருந்து கடை மூடும்வரை அங்கே பில் போடுவது நான்தான். பகலில் அந்தத் தெருவுக்குள் லாரியை விட மாட்டார்கள் என்பதால் லோடு சாயங்காலம்தான் வரும். பெட்டி இறக்க இரண்டு ஆள் வேண்டும். ஒரு ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு வேலைக்குப் போய்விட்டான். தம்பி புலம்பிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. தோன்றாமல் இருந்திருக்கலாம்.

"மாமாவா? பெட்டி தூக்கவா?" என்று தம்பி சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சம்பளம் தரணுமா?" என்று கேட்டான்.

"தரணும்டா."

"மாமான்னு கூப்பிட்டுக்கிட்டே எப்படி வேலை வாங்குறது?"

"நீ கூப்பிடாத. வேலையை மட்டும் வாங்கு."

என் தம்பியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நல்லவன். ஆனால் எறும்பு அவன் கடை வழியாகப் போனால், அது என்ன இழுத்துக்கொண்டு போகிறது என்று குனிந்து பார்ப்பான்.

வீட்டுக்காரருக்கு விஷயத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "கரும்பு தின்னக் கூலியா?" என்றார். மறுநாளே ஆபீஸ் முடிந்து நேராகக் கடைக்கு வந்தார், கையில் கடிகாரமும் தோளில் துண்டுமாக.

குடோனில் அவருக்குக் கூட்டாளி ஒட்டடை. ஒட்டடைக்கம்புக்குச் சட்டை மாட்டியது போல இருப்பான், அதனால் அந்தப் பெயர். ஆள்தான் அப்படி. டைல்ஸ் பெட்டியைத் தோளில் வைத்தால், வாசலில் கிடந்த பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறவன் மாதிரி நடப்பான். அடக்கமானவன் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். அந்தக் கடையே தன் தோளில்தான் நிற்கிறது என்பது அவன் அபிப்பிராயம். சட்டைப் பையில் சீப்பு இருக்கும். லாரி வர நேரமானால் காலி அட்டைப்பெட்டிகளை விரித்துப் படுத்துக்கொண்டு, "லாரி வந்ததும் எழுப்புங்கக்கா. மத்த விஷயத்துக்கு எழுப்பாதீங்க" என்று என்னிடம் சொல்லிவைப்பான்.

முதல் நாள் என் வீட்டுக்காரர் இரண்டாவது பெட்டியை இறக்கிவைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். மூன்றாவது பெட்டியை ஒட்டடை கொண்டுவந்தபோது இவர் நகரவில்லை. நகர முடியவில்லை. "எந்திரிக்காதீங்க சார், உங்களைச் சுத்தி அடுக்கிக்கிறேன்" என்றான் அவன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கணக்கு ஆரம்பமானது.

கடிகாரம் ஐந்நூறு என்றது. அது இதயத்துடிப்பை வைத்துச் சொல்வது. ஆனால் கடிகாரத்துக்கு மனசாட்சி குறைவு என்று இவருக்குப் பட்டது. போனில் ஒரு அட்டவணையைத் தேடி எடுத்தார். பாத்திரம் கழுவுவதிலிருந்து மரம் வெட்டுவது வரை எல்லா வேலைக்கும் அதில் ஒரு எண் இருந்தது. 'கனமான பொருள்களைத் தூக்குதல், இடைவிடாமல்' என்ற வரியைப் பிடித்தார். இடைவிடாமல் என்ற சொல்லைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருந்தது. சொல்லவில்லை. அதன்படி எண்ணூறு. அதுவும் திருப்தியில்லை. வயது, எடை எல்லாம் கேட்டுவிட்டு, 'எவ்வளவு களைப்பாக உணர்கிறீர்கள்' என்று கேட்கிற இன்னொன்றைத் தேடிப் பிடித்தார். அது ஆயிரத்து நூறு கொடுத்தது.

"மூணும் மூணு விதமா சொல்லுதே, எதை எடுத்துக்கறது?" என்றேன்.

"பெருசை எடுத்துக்கறதுதான் பாதுகாப்பு."

ஊராருடைய நஷ்டத்தைக் குறைத்துக் குறைத்தே சம்பளம் வாங்கியவர். தன் உடம்பிலிருந்து போனது என்றதும் கை தாராளமாகிவிட்டது.

"ஆயிரத்து நூறு எரிச்சிருக்கேன். சாப்பாடு அறுநூறுன்னு வையி. மீதி ஐந்நூறு எனக்கு வரவேண்டியிருக்கு" என்றார். அந்த ஐந்நூறை இரண்டு முட்டையாகவும் ஒரு துண்டு கேக்காகவும் வசூலித்துக்கொண்டார்.

தினமும் இதே கதைதான். லோடு வராத நாளிலும், "நேத்து எரிச்சதுல இன்னும் பாக்கி இருக்கு" என்று வாழைப்பழத்தை உரிப்பார். பஸ்ஸுக்கு ஓடினால் ஒரு பிஸ்கட். பஸ் கிடைக்காவிட்டால் இரண்டு. "எவ்வளவு எரிச்சிருக்கேன் தெரியுமா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம், இந்த வீட்டில் எரிவது என் வயிறு ஒன்றுதான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வரும்.

ஒரு மாதம் கழித்து எடை பார்த்தார். கூடியிருந்தது.

"சதை இல்லம்மா, தசை" என்றார்.

எழுத்து இடம் மாறினால் உடம்பும் மாறிவிடும் என்று நானும் நம்பியிருப்பேன், பேண்ட் பட்டனை நான்தான் தைத்துக்கொடுத்தேன் என்பது மட்டும் இல்லாவிட்டால்.

இதுவரை நடந்ததில் யாருக்கும் நஷ்டமில்லை, முட்டைக்கும் கேக்குக்கும் தவிர. அதற்குப் பிறகுதான் வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோம்.

ஒரு சாயங்காலம் பாதி லோடு இறக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒட்டடை கடிகாரத்தைக் காட்டி, "அது நமக்கும் சொல்லுமா சார்?" என்று கேட்டான். இவர் பெருந்தன்மையோடு கழற்றி அவன் கையில் கட்டினார். கடைசி ஓட்டைவரை இழுத்தும் மணிக்கட்டில் வளையல் போல ஆடியது. மீதி லோடில் முக்கால்வாசியை வழக்கம் போல அவன்தான் இறக்கினான். முடிந்ததும் பார்த்தால், முதல் பாதி லோடில் இவர் எரித்ததில் பாதியைக்கூட அவன் எரிக்கவில்லை.

இவர் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். துடைத்துப் பார்த்தார். போனில் அவன் எடையைப் போட்டுப் பார்த்தார். எதிலுமே எண் ஏறவில்லை.

"நீ எரிக்கிறதே இல்லையேப்பா" என்றார், நோயாளியிடம் சொல்வது போல.

"நான் எதுக்கு சார் எரிக்கணும்? வீட்ல அடுப்பு எரிஞ்சா போதும்" என்று ஒட்டடை சீப்பை எடுத்தான்.

கதவோரம் நின்று என் தம்பி கேட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். மெதுவாக உள்ளே வந்தான்.

"அப்ப ரெண்டு பேர்ல யார் மாமா அதிகமா வேலை செய்யறது?"

"கணக்குப்படி பார்த்தா..." என்று இவர் இழுத்தார். முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அந்த இழுப்பில் ஒரு பெருமை இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்தவருக்கு ஐம்பது வயசில் யாரோ கோப்பை கொடுத்த மாதிரி.

மறுநாள் நான் கடைக்குப் போனபோது வாசலில் ஒரு பலகை தொங்கியது. 'ஜிம்முக்கு ஏன் பணம் கட்டுகிறீர்கள்? சாயங்காலம் இங்கே வாருங்கள். ஒரு லாரிக்கு ஆயிரத்து நூறு கலோரி. கட்டணம் இல்லை.' ஆயிரத்து நூறு என்பது மட்டும் சிவப்பு மையில்.

"என்னடா இது?"

"மாமா சொன்ன கணக்குதான்கா" என்றான் தம்பி.

ஒட்டடையைக் கூப்பிட்டு, இனி கூப்பிடுகிற நாளில் மட்டும் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டான். உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அக்கறையாகவும் இரண்டு வார்த்தை சேர்த்தான். ஒட்டடை கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என்னிடம் வந்து, "இதுல சிவப்பா என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டான். படித்துச் சொன்னேன். போய்விட்டான். அன்றைக்கு அவன் சீப்பை எடுக்கவே இல்லை.

யார் வரப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். வந்தார்கள். முதலில் பக்கத்துத் தெரு பேங்க் மேனேஜர். அடுத்து ஒரு பல் டாக்டரம்மா. அப்புறம் அவர்களுக்குத் தெரிந்தவர்கள் ஐந்தாறு பேர். எல்லோரும் வழவழவென்ற பேண்ட், பளபளவென்ற ஷூ, கையில் ஆளுக்கொரு கடிகாரம். குடோனில் அட்டைப்பெட்டி வாசனையும் சிமெண்ட் தூசியும்தான் இருக்கும். அன்று முதல் சென்ட் வாசனையும் சேர்ந்துகொண்டது.

வேலையை வேலையாகச் செய்தால் சீக்கிரம் முடிந்துவிடும் அல்லவா? இவர்களுக்கு அதுதான் பிரச்சனை. தள்ளுவண்டியைத் தொட மாட்டோம் என்றார்கள், கலோரி குறையுமாம். லாரியிலிருந்து பெட்டியை எடுத்தால் அடுக்குகிற இடத்துக்கு நேராகப் போக மாட்டார்கள். குடோனை இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் வைப்பார்கள். பேங்க் மேனேஜர் இறக்கிய பெட்டியைத் திரும்ப லாரியில் ஏற்றி இன்னொரு தடவை இறக்கினார், அன்றைய எண்ணில் கொஞ்சம் குறைகிறது என்று. லாரி டிரைவர் என்னிடம் வந்து கெஞ்சினார்.

"அம்மா, நான் லோடை இறக்கிட்டுப் போறவன். இவங்க இறக்கறாங்களா, ஏத்தறாங்களான்னே தெரியலம்மா. நான் எப்பம்மா வீட்டுக்குப் போறது?"

பெட்டிகள் விழுந்தன. பெட்டியைக் குலுக்கினால் உள்ளே கிலு கிலு என்று கேட்கும். தம்பி அதற்கும் கவலைப்படவில்லை. "கம்பெனிலயே உடைஞ்சு வந்திருக்கும்கா" என்றான். கூலி இல்லாத ஆள் உடைத்தால் அது உடைந்ததாகவே கணக்கில்லை போல.

என் வீட்டுக்காரர் இவர்களுக்கெல்லாம் மூத்தவர் ஆகிவிட்டார். மூன்று விதமாக எப்படிக் கணக்குப் போடுவது, அதில் எதை நம்புவது என்று விளக்கிக்கொண்டே நிற்பார். பெட்டி தூக்கவே நேரமில்லை. ஆனால் கையை ஆட்டி ஆட்டிப் பேசியதில் கடிகாரம் நானூறு காட்டியது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, கடையில் கூட்டமில்லாத நேரத்தில் ஒரு பெண் வந்தாள். பள்ளிக்கூட ஆயா சேலை, கையில் டிபன் பை. சுவரில் மாட்டியிருந்த மாதிரி டைல்ஸை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். குளியலறைக்கா, சமையலறைக்கா என்று நான் கேட்டேன்.

"வாங்க வரலைங்க. இங்க பொட்டி இறக்குவாரே, அவரோட வீட்டுக்காரி" என்றாள்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அவர் ஏதாவது தப்பு பண்ணிட்டாரா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைம்மா."

"தப்பு பண்ணியிருந்தா சொல்லிடுங்க, எனக்கு நிம்மதியா இருக்கும். சாயங்காலமானா வீட்லயே இருக்கார். கண்ணாடி முன்னாடி நின்னு தலையைச் சீவுறார். சீவுறார், கலைக்கிறார், மறுபடி சீவுறார். பிள்ளைங்க பார்த்துக்கிட்டே இருக்குதுங்க. என்னாலதான் பார்க்க முடியல."

நான் பில் புத்தகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். திருப்ப ஒன்றும் இல்லை.

"உங்க வீட்டுக்காரர் உடம்பு இளைக்கணும்னு வந்தாராமே" என்றாள். குரலில் கோபமே இல்லை. "அவர் இளைக்கட்டும், வேண்டாம்னு சொல்லல. அதுக்கு எங்க வீட்ல நாலு பேரு ஏங்க இளைக்கணும்?"

நான் பில் புத்தகத்தை மூடிவைத்தேன்.

அன்று வீட்டில் இவர் முட்டையை உரித்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடி, சீப்பு, பிள்ளைகள், எல்லாம்.

"நான் கலோரியைத்தானே சொன்னேன். வேலை செய்யலைன்னு சொல்லலையே" என்றார்.

"என் தம்பிக்கு அந்த வித்தியாசம் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

கொஞ்ச நேரம் உரித்த முட்டையைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு தட்டில் வைத்துத் தட்டை என் பக்கம் தள்ளினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உரித்த முட்டை எதுவும் அவர் கையிலிருந்து உயிரோடு திரும்பியதில்லை. மனுஷன் நிஜமாகவே வருத்தப்படுகிறார் என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுத் தம்பியிடம் வந்தார்.

"மச்சான், என் கணக்கு தப்பு. பழைய லாரி டீசல் நிறையக் குடிக்கும். அதுக்காக அது நிறைய லோடு ஏத்துதுன்னு அர்த்தமில்ல. நான்தான் அந்தப் பழைய லாரி. அவன் நல்ல வண்டி. கம்மியா குடிச்சு நிறைய இழுக்கறான். அவனைப் போய் நிறுத்திட்டியே."

தன்னைப் பழைய லாரி என்று ஒரு ஆண்பிள்ளை மச்சான் முன்னால் ஒத்துக்கொள்வது சின்ன விஷயமில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் தம்பிக்குக் கலங்கவில்லை.

"ரொம்ப சரி மாமா. நீங்க டீசல் குடிக்கிற வண்டி, அவன் டீசல் மிச்சம் பிடிக்கிற வண்டி. இந்தக் கலோரி ஆளுங்க இருக்காங்களே, இவங்க டீசலே கேட்காத வண்டி. நான் எதை ஓட்டுவேன், நீங்களே சொல்லுங்க."

இவர் என்னைப் பார்த்தார். நேர்மையாகப் பேசிப் பார்த்தாகிவிட்டது, இனி உன் பாடு என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

நான் அதிக நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வாரமே பேங்க் மேனேஜர் இரண்டு பெட்டியை ஒன்றாகத் தூக்குகிறேன் என்று குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. அப்படியே அலாக்காகத் தூக்கி, ஒட்டடை வழக்கமாகப் படுக்கிற அட்டைப்பெட்டி மேலேயே படுக்க வைத்தார்கள். பல் டாக்டரம்மா வந்து அவர் முதுகை அமுக்கிப் பார்த்துவிட்டு, தனக்குப் பல்லைத் தவிர வேறு தெரியாது என்று சொல்லி எழுந்தாள்.

"முறையா சொல்லித்தர ஆள் இல்லாம இதெல்லாம் செய்யவே கூடாது. ஜிம்னா ட்ரெய்னர் இருப்பாங்க" என்றாள்.

"இங்கயும் இருக்காரே" என்றேன் நான், பில் போடும் மேஜையிலிருந்து. "எங்க ட்ரெய்னர் லீவுல போயிருக்கார். நாளைக்கு வந்துடுவார்."

படுத்திருந்த மேனேஜர் தலையைத் தூக்கினார். "நல்ல ட்ரெய்னரா?"

"இதே குடோன்ல பதினஞ்சு வருஷம். ஒரு தடவைகூட முதுகு பிடிச்சதில்ல. ஆனா அவருக்குத் தனியா ஃபீஸ் உண்டு."

ஃபீஸ் என்றதும் எல்லோர் முகத்திலும் ஒரு மரியாதை வந்தது. இதுவரை சும்மா கிடைத்ததில் அவர்களுக்கே ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது போல.

தம்பி என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனான். "அக்கா, யார் அந்த ட்ரெய்னர்?"

"ஒட்டடை."

"அவனா? அவனுக்கு என்ன தெரியும்?"

"தெரியலைன்னா போகட்டும். மேனேஜர் சம்சாரம் வக்கீல், அது உனக்குத் தெரியுமா? நாளைக்கு அந்தம்மா வந்து, சொல்லிக்குடுக்க ஆளே இல்லாம எங்க வீட்டுக்காரர் முதுகை ஒடிச்சது யாருன்னு கேட்டா, நீ அந்தப் பலகையைக் காட்டு."

தம்பி பலகை இருந்த திசையைப் பார்த்தான். சிவப்பு மை அங்கிருந்தே தெரிந்தது.

"தினமும் வரச் சொல்லு" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஒட்டடைக்கு விஷயத்தைச் சொன்னதும் அவன் ஆச்சரியப்படுவான் என்று எதிர்பார்த்தேன். "இப்பதான் புரிஞ்சுதா?" என்பது போலத் தலையாட்டினான். மறுநாள் யாரிடமோ கடன் வாங்கிய டிராக் பேண்ட்டும், கழுத்தில் விசிலுமாக வந்தான். தலை படிய வாரியிருந்தான்.

அவனுக்கு உடற்பயிற்சி பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாததை ஒரு குறையாகவும் அவன் நினைக்கவில்லை. பெட்டியை வயிற்றோடு அணைத்துத் தூக்குவதற்குத் 'தாய்க் குரங்கு' என்று பெயர் வைத்தான். இரண்டு பேர் சேர்ந்து தூக்குவதற்கு 'சம்பந்தி'. அடுக்கின் மேல் வைப்பதற்கு 'பரண்'. தள்ளுவண்டியை, "அது பெரிய பயிற்சி. எல்லாருக்கும் தர மாட்டேன்" என்று தார்ப்பாய் போட்டு மூடிவைத்தான். இரண்டாம் நாளே எங்களுக்கு எப்போது தள்ளுவண்டி என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நாலாம் நாள் பெரிய மனசு பண்ணித் திறந்துவிட்டான். அதற்கப்புறம் லாரி நேரத்துக்குக் கிளம்பியது. டிரைவர் போகிறபோது அவனுக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனார்.

"வயித்தை உள்ள இழுங்க சார். இன்னும். அது வயிறா, இல்ல சட்டைக்குள்ள ஒரு பொட்டி வச்சிருக்கீங்களா?" என்று அவன் கேட்பான். ஆபீசில் என் வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே யாரும் இருமக்கூட மாட்டார்களாம். இங்கே வாயைத் திறக்காமல் வயிற்றை இழுத்தார். திட்டத் திட்ட அவர்களுக்கு அவன்மேல் பக்தி கூடியது. பல் டாக்டரம்மா அவனைக் கோச் என்றுதான் கூப்பிட்டாள். அவன் பெட்டியைத் தொடவே இல்லை. நாற்காலி ஒன்றைப் போட்டு உட்கார்ந்து விசில் ஊதினான், அவ்வளவுதான்.

ஒருநாள் அவன் வீட்டுக்காரி பள்ளிக்கூடம் முடிந்து அந்த வழியாக வந்தாள். குடோன் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தாள். உள்ளே முதுகு சரியாகிவந்த பேங்க் மேனேஜர் பெட்டியோடு நின்றுகொண்டிருக்க, ஒட்டடை அவரைச் சுற்றிவந்து, "கழுத்து எங்க போச்சு? காணோமே" என்று தேடிக்கொண்டிருந்தான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. அன்றைக்கு ஒரு பில்லைத் தப்பாகப் போட்டேன்.

இந்தக் கூத்து எவ்வளவு நாள் ஓடும்? ஜிம் எவ்வளவு நாள் ஓடுமோ அவ்வளவு நாள்தான். முதலில் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அடுத்து ஒருத்தருக்குச் சளி, ஒருத்தருக்கு மீட்டிங். பல் டாக்டரம்மாதான் கடைசிவரை வந்தாள். நீச்சல் குளம் ஒன்று திறந்ததும் அவளும் கோச்சிடம் ஆசி வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

அன்று சாயங்காலம் லாரி வந்து நின்றது. வானம் கறுத்துக்கொண்டிருந்தது. தம்பி குடோனுக்குள் போய், "ஒட்டடை, இனிமே பழையபடி நீயே இறக்கிடுப்பா" என்றான்.

"ட்ரெய்னர் லோடு இறக்க மாட்டான் அண்ணே."

"விளையாடாத. மழை வருது."

"வரட்டும். அட்டைப்பெட்டி நனைஞ்சா கம்பெனிலயே நனைஞ்சு வந்துச்சுன்னு சொல்லிக்கலாம்" என்று ஒட்டடை விசிலைத் துடைத்தான். "எல்லா சாயங்காலமும் எனக்கு வேலை. ட்ரெய்னர் ஃபீஸா வந்த அதே பணம், இனிமே சம்பளமா. அப்படின்னா இப்ப எந்திரிக்கிறேன்."

தம்பி என்னைப் பார்த்தான். நான் மும்முரமாக பில் எழுதிக்கொண்டிருந்தேன். மாமாவைப் பார்த்தான். மாமா ஏற்கெனவே லாரியின் பின்கதவைத் திறந்துகொண்டிருந்தார். முதல் துளி விழுந்தது.

"சரி, சரி" என்றான் தம்பி.

இருவரும் மழை பிடிப்பதற்குள் முக்கால் லோடை இறக்கினார்கள். இவர் இப்போது பெட்டி மேல் உட்காருவதில்லை. ஒட்டடை மூன்று கொண்டுபோனால் இவர் ஒன்று கொண்டுபோவார், ஆனால் நிற்காமல் கொண்டுபோவார். நனைந்த தரையில் வழுக்காமல் எப்படிக் கால் வைப்பது என்று இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே நடந்தார்கள். சண்டையில் இவர் தோற்றார். மீதிப் பெட்டிகளை ஒட்டடை சொன்ன மாதிரிதான் கால் வைத்துக் கொண்டுபோனார்.

இப்போதும் சாயங்காலமானால் கடைக்கு வந்துவிடுகிறார். எடை குறைந்திருக்கிறதா என்று உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். கொஞ்சம் குறைந்துதான் இருக்கிறது. அவர் பேண்ட்டைப் பிடித்துத் தைத்தபோது எனக்குத் தெரிந்தது. அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அந்தச் சந்தோஷத்தில் என்னத்தையாவது வாங்கிச் சாப்பிட்டுவிடுவார்.